ராகிப் புரதத்துக்கு வகைப்பாட்டில் இடம் காணும் முறை

புரதக் கட்டமைப்புகளை வகைப்படுத்தப் பழகும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள், பாடநூல்களில் சலித்துப்போன ஹீமோகுளோபினை விடுத்து, நம் மானாவாரி நிலங்களில் விளையும் ராகியின் விதைப் புரதம் ஒன்றில் தொடங்கலாம் என்பது என் கருத்து. டிரிப்சின், ஆல்ஃபா அமைலேஸ் ஆகிய இரு நொதிகளையும் தடுக்கும் இப்புரதத்தில் 122 அமினோ அமிலங்களே உள்ளன. எலூசின் கொரகானா என்ற தாவரப் பெயரை இட்டுத் தேடினால், இதன் கட்டமைப்பைப் புரதத் தரவு வங்கி (PDB) என்ற இணையத் தரவுத்தளத்திலிருந்து கட்டணமின்றிப் பெறலாம்.

வகுப்பு, மடிப்பு, பெருங்குடும்பம், குடும்பம் என்பன வகைப்பாட்டின் படிகள். அவற்றுக்குமுன், முதலில் டொமைன்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வகைப்படுத்தப்படுவது முழுப் புரதமன்று, தனித்து மடியக்கூடிய டொமைனே. ராகிப் புரதம் ஒற்றை டொமைன் என்பதால் அவ்வேலை உடனே முடிகிறது. அதன் உடலின் பெரும்பகுதி நான்கு ஆல்ஃபா சுருள்களால், அதாவது புரதச் சங்கிலி திருகுபோல் சுருண்ட பகுதிகளால் ஆனது. ஆகவே வகுப்பு முழு-ஆல்ஃபா. அடுத்து, அச்சுருள்கள் எந்த வரிசையில், எந்தத் திசையில் இணைகின்றன என்பதே மடிப்பு. டாலி போன்ற ஒப்பீட்டு மென்பொருளில் இதைத் தேடினால், தாவரங்களின் கொழுப்புக் கடத்துப் புரதங்களை ஒத்தவையாகக் காணலாம்.

நிதானம் தேவைப்படுவது இங்கேதான், ஏனெனில் வடிவ ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. ராகிப் புரதம் தடுக்கும் அமைலேஸையே பாருங்கள்: அதன் மைய டொமைன், எட்டு பீட்டா இழைகளை (சங்கிலி நீண்டு கிடக்கும் பகுதிகளை) சுற்றி எட்டு ஆல்ஃபா சுருள்கள் அமைந்த, டிம் பீப்பாய் எனப்படும் மடிப்பு. 1995-இல் வெளிவந்த ஸ்காப் (SCOP) என்ற புரதக் கட்டமைப்பு வகைப்பாடு, பிற்காலப் பதிப்பில் அந்த ஒரே மடிப்பின்கீழ் 30-க்கும் மேற்பட்ட பெருங்குடும்பங்களை (பொது மூதாதை கொண்டவை எனக் கருதப்படும் புரதத் தொகுதிகளை) தனித்தனியே வைத்தது; அவை யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை.

ராகிப் புரதத்துக்கு அத்தகைய சான்றைச் சிஸ்டீன்கள் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் தருகின்றன; இரண்டு சிஸ்டீன்கள் இணைவதே டைசல்பைடு பிணைப்பு. ஐந்து டைசல்பைடு பிணைப்புகள் கொண்ட இதையும், நான்கு பிணைப்புகள் கொண்ட கொழுப்புக் கடத்துப் புரதத்தையும் பொருத்திப் பார்த்தால், எட்டுச் சிஸ்டீன்களின் பொது அமைப்பு ஒன்று புலப்படும். செய்யும் வேலை வேறாயினும், அமினோ அமில வரிசை ஒற்றுமை குறைவாயினும், இரண்டும் ஒரே பெருங்குடும்பம் எனக் கொள்வது அதனால்தான்; குடும்ப நிலையில் மட்டும் அவை பிரிகின்றன. குடும்பத்துக்கு ஸ்காப் கொண்ட பொது அளவு 30 சதவீத வரிசை ஒற்றுமை. அது குறைந்தாலும், கட்டமைப்பும் செயலும் மிக நெருங்கியிருந்தால் குளோபின்களைப் போல ஒரே குடும்பத்தில் சேர்ப்பதுண்டு.

லண்டனில் உருவான கேத் (CATH) என்ற மற்றொரு வகைப்பாட்டில் வகுப்புக்கும் மடிப்புக்கும் இடையே கட்டமைவு (இணைப்பு வரிசையைக் கருதாமல், சுருள்களும் இழைகளும் அமைந்த பொது வடிவம்) என்றொரு படி இருப்பதால், இரண்டின் முடிவுகளையும் ஒரே அட்டவணையில் கலக்காமல், தரவுத்தளத்தின் பெயரையும் பதிப்பையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். புதிய புரதம் ஒன்றில் வடிவத்தைத் தவிர வேறு சான்று கிடைக்காவிட்டால், மடிப்பை எழுதிவிட்டுப் பெருங்குடும்பத்துக்குரிய கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.