டைகர் மாத் விமானத்தில் முதல் பறப்பு: ஸ்டிக் கைக்கு வரும்போது கால்களை மறக்காதீர்கள்

இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு போன்ற பழைய விமானத்தளங்களில் பணம் கட்டி டைகர் மாத்தில் பறக்கலாம். 1931-இல் முதன்முதலாகப் பறந்த இந்த இரட்டை இறக்கை விமானத்தில்தான் இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் விமானிகள் பலர் அரிச்சுவடி படித்தார்கள். நீங்கள் முன்னிருக்கையில், விமானி பின்னிருக்கையில். ஸ்டிக்கும் (கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோல்) ரடர் பாரும் (வால் சுக்கானைத் திருப்பக் காலால் தள்ளும் தண்டு) இரண்டு இடத்திலும் உண்டு. விமானி அனுமதித்தால் நடுவானில் சில நிமிடங்கள் நீங்களே ஓட்டலாம். அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமல் இருக்கத்தான் இந்த விளக்கம்.

1. முன்பதிவு

முதல் முறை என்றால் ஹார்வர்டு என்ற பெரிய பயிற்சி விமானம் வேண்டாம், டைகர் மாத்தே எடுங்கள். ஹார்வர்டு 600 குதிரைத்திறன் கொண்டது, கூரை மூடியது. அன்றைய பயிற்சியில் அது இரண்டாம் கட்டம். டைகர் மாத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சினுக்கு 130 குதிரைத்திறன்தான். மணிக்கு 80 மைல் அளவில் நிதானமாகப் போகும், செய்த தவறு உடனே முகத்தில் படும் காற்றில் தெரியும்.

பதிவு செய்யுமுன் இதைக் கேளுங்கள்: சொல்லும் நேரம் வானில் இருக்கும் நேரமா, எஞ்சின் கிளம்பியதிலிருந்து அணையும் வரையா? புல்தரையில் ஊர்ந்து போவதற்கே பல நிமிடங்கள் போய்விடும். ஸ்டிக்கைப் பிடிக்க வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்காதீர்கள்.

காலை முதல் நேரமோ, கோடையில் மாலை கடைசி நேரமோ நல்லது. வெயில் ஏறிய பிறகு இந்த இலகு விமானம் நன்றாகக் குலுங்கும். பக்கக் காற்று பலமாக இருந்தால் ரத்து செய்துவிடுவார்கள். மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து இதன் உச்ச எடையே 828 கிலோதான்.

லண்டனிலிருந்து டக்ஸ்ஃபோர்டு போக லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வேயில் இறங்குங்கள். அங்கிருந்து டாக்ஸி.

2. உடை

ஜாக்கெட், தோல் தொப்பி, காற்றுக்கண்ணாடி ஆகியவற்றை வழக்கமாக அவர்களே தருவார்கள். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குளிர் கூடும், அதன்மேல் ப்ரொப்பெல்லர் காற்று. ஜூலையிலும் உள்ளே ஸ்வெட்டர் போடுங்கள். துப்பட்டா, நீண்ட ஸ்கார்ஃப் கூடாது. ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள், தொப்பி காதை அழுத்தும். ஷூ மெல்லிய, தட்டையான அடி கொண்டதாக இருக்கட்டும். தடித்த பூட்ஸில் ரடர் பாரின் அழுத்தம் பாதத்துக்குத் தெரியாது.

பாக்கெட்டில் ஒன்றுமே இருக்கக்கூடாது. தவறி விழும் சாவியோ நாணயமோ காக்பிட்டின் தளத்துக்கடியில் போய் ஸ்டிக்கின் இணைப்பில் சிக்கினால் விமானத்தைத் திருப்ப முடியாமல் போகலாம். போனைக் கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டாமல் வெளியே எடுக்காதீர்கள்.

3. ஏறுதல், கிளப்புதல்

கீழிறக்கையில் கறுப்பாகத் தெரியும் நடைபாதையில் மட்டும் கால் வையுங்கள். மற்ற இடமெல்லாம் துணி, மிதித்தால் கிழியும். விமானி காட்டும் இடத்தை மட்டும் பிடித்து ஏறுங்கள். பெல்ட்டில் இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோளை இறுக்குங்கள். அவிழ்ப்பது எப்படி என்பதை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். காக்பிட்டுக்கு வெளியே உள்ள, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ சுவிட்சுகளில் கை படக்கூடாது.

ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்புவார்கள். அதற்குமுன் எஞ்சினுக்கடியில் பெட்ரோல் சொட்டும். கார்புரேட்டரை வேண்டுமென்றே நிரப்புகிறார்கள், பயப்பட வேண்டாம். ஓடுபாதைக்கு வளைந்து வளைந்து போவதும் வேண்டுமென்றேதான்: மூக்கு நிமிர்ந்திருப்பதால் நேரே முன்னால் தெரியாது.

4. ஓட்டுதல்

தடுமாற்றம் எல்லாம் இங்கேதான். விமானி “யூ ஹாவ் கன்ட்ரோல்” என்றால், “ஐ ஹாவ் கன்ட்ரோல்” என்று சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பிடியுங்கள். ஸ்டிக்கை விரல்களால் மட்டும் பிடித்து, முன்கையைத் தொடைமேல் சாயுங்கள்.

புதியவர்கள் ஸ்டிக்கை மட்டும் இடப்பக்கம் சாய்ப்பார்கள். இறக்கை இடப்பக்கம் சாயும், மூக்கோ வலப்பக்கம் போகும்! விமானத்தைச் சாய்க்கும் எய்லரான்கள் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகைகள்) இதில் கீழிறக்கையில் மட்டும்தான் இருக்கின்றன. வலப்பக்க எய்லரான் கீழே இறங்கும்போது அந்த இறக்கையில் இழுவிசை கூடி மூக்கை வெளியே இழுக்கிறது. மெதுவாகப் போகும் விமானத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். மருந்து கால்தான்:

ஸ்டிக் இடப்பக்கம் போகும் அதே நொடியில் இடக்காலை அழுத்துங்கள். சாய்வு போதுமென்றதும் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மூக்கு தொடுவானத்துக்குக் கீழே இறங்காமல் ஸ்டிக்கை ஒரு இழை பின்னால் இழுத்துப் பிடியுங்கள். நேராக்க, வலக்கையும் வலக்காலும் போல ஸ்டிக்கும் பாதமும் ஒன்றாக வலப்பக்கம் போகட்டும்.

சைக்கிள் ஹாண்டில்பாரில் இடக்கையை முன்னே தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். ரடர் பார் நேர் எதிர், இடக்காலைத் தள்ளினால் மூக்கு இடப்பக்கம். இதைப் பழக்கிக்கொள்ள ஒரு வாரம் முன்பே நாற்காலியில் உட்கார்ந்து கையையும் காலையும் ஒரே பக்கம் சேர்த்து அசைத்துப் பாருங்கள்.

கால் அளவு சரிதானா என்று கருவியைப் பார்க்கத் தேவையில்லை, கன்னம் சொல்லும். காற்று இடக்கன்னத்தில் அடித்தால் விமானம் அந்தப் பக்கம் சறுக்குகிறது. இடக்காலைக் கொஞ்சம் அழுத்துங்கள். இரு கன்னத்திலும் சமமாகப் பட்டால் திருப்பம் சுத்தம். திறந்த காக்பிட்டின் பெரிய வரம் இது.

செஸ்னா போன்ற சிறு பயிற்சி விமானம் ஓட்டியவர்கள் கவனிக்க: ஜிப்சி எஞ்சின் அதற்கு எதிர்த்திசையில் சுழல்வதால், வேகம் எடுக்கும்போது மூக்கு வலப்பக்கம் போகும். வலக்காலை அழுத்தும் உங்கள் பழக்கம் இங்கே தவறாகிவிடும்.

5. இறங்குதல்

கட்டுப்பாட்டைத் திரும்பத் தந்ததும் பாதங்களை ரடர் பாரிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். வேகத்தைக் குறைத்து இறங்க உதவும் ஃபிளாப்புகள் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகைகள்) இல்லாததால், உயரம் அதிகமானால் விமானி விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்க விடுவார். அப்போது காற்று ஒரு பக்கமாக அறையும், அது இயல்பு. ப்ரொப்பெல்லர் நின்ற பிறகே பெல்ட்டை அவிழ்த்து, வாலை நோக்கி நடங்கள். முன்பக்கம் ஒருபோதும் போகாதீர்கள்.

பின்சேர்க்கை

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள்: மெல்லிய சட்டம் என்றால் காற்றுக்கண்ணாடிக்குள் அடங்கும். தடித்த சட்டம் நெற்றிப்பொட்டில் அழுத்தி, கீழே இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே இழுக்கும். முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் வாய்ப்பு உண்டா என்பவர்களுக்கு: விமானப்படையிடம் ஹெச்.யு. 512 என்ற, பறக்கும் நிலையில் சீரமைத்த டைகர் மாத் உண்டு. ஆனால் அது படையின் விழாக்களுக்கானது.

குமட்டல் வந்தால் போனையும் தரையையும் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். அடக்கிக்கொள்ளாமல் உடனே விமானியிடம் சொல்லுங்கள். நேராகப் பறந்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும், அப்போது ஸ்டிக்கைக் கேட்டு வாங்கினால் இன்னும் சீக்கிரம் தணியும்.