மலைக்குளிரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் கீழே, அரவேணு பக்கம் ஒரு சரிவில் எங்கள் வீடு. ரோட்டிலிருந்து வாசலுக்கு 22 படி இறங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. அப்போது அம்மாவுக்கு 80 வயது, இப்போது 83. இந்த மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டதை, வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக மலையில் இருக்கிறவர்களுக்கு. கீழ்நாட்டில் எழுதப்படும் குறிப்புகளில் குளிரும் படியும் இருப்பதில்லை.

முதலில் நான் செய்த தப்பு. வார்டில் ஒரே ஷிப்டில் நாற்பது பேரைப் பார்த்துப் பழகிய கை. எதையும் சீக்கிரம் முடிக்கத்தான் தெரியும். அம்மாவுக்குப் பல் துலக்கிவிட்டேன், தலை வாரிவிட்டேன், சோறு ஊட்டினேன். ஒரு சொட்டுக் குழம்பு புடவையில் சிந்தாது. மூன்று மாதத்தில் நன்றாக இருந்த வலது கையும் சோர்ந்துபோனது. பேச்சு குறைந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், நான் ஊட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாட்டிக்கு வலது கை நல்லாத்தானே இருக்கு? நீங்க ஏன்மா ஊட்டுறீங்க?"

அன்றைக்கு மதியம் அம்மாவின் மடியில் ஒரு முறத்தை வைத்து இரண்டு கைப்பிடி பச்சைப் பட்டாணியைப் போட்டேன். இடது கையை எடுத்து முறத்தின் விளிம்பில் வைத்து, பிடித்துக்கொள்ளும்படி சொன்னேன். பிடிக்கவில்லை, சும்மா கிடந்தது. வலது கையால் தோலை உரிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதிப் பட்டாணி தரையில் உருண்டது. ஆனால் அன்று ராத்திரி அம்மா, "நாளைக்குப் பூண்டு இருந்தா கொண்டா" என்றார். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் அவை. சும்மா இருந்தால் அவை செத்துவிடும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே முதல் வேலை இதுதான். காலையிலிருந்து இரவு வரை நீங்கள் அவருக்குச் செய்யும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, கட்டிலிலிருந்து எழுவது, சாப்பிடுவது என எல்லாமே. ஒவ்வொன்றிலும் எந்தத் துண்டை அவரே செய்ய முடியும் என்று பாருங்கள். முழு வேலை வேண்டாம், ஒரு துண்டு போதும். பிரஷில் பேஸ்ட்டை நீங்கள் வைத்துக் கொடுங்கள், அவர் துலக்கட்டும். சோற்றைப் பிசைந்து வையுங்கள், அவர் எடுத்துச் சாப்பிடட்டும். நேரம் ஆகும். அந்த நேரத்தை ஒதுக்குவதுதான் நாம் செய்யும் பராமரிப்பு.

உடுத்துவதற்கு ஒரு விதி உண்டு. பக்கவாதம் வந்தவருக்கு ஸ்வெட்டரோ ஜாக்கெட்டோ போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில், பலவீனமான கை கடைசியில். முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர்தான் வசதி. எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். நடக்கும்போது ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். நீங்கள் பலவீனமான பக்கம் நில்லுங்கள்.

படிக்கும் இப்படித்தான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். எங்கள் 22 படிக்கும் ஒரு பக்கம் இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்தோம். மழை நாளில் பாசி பிடிக்கும், வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு அடித்தால், மூடுபனியிலும் மங்கலான கண்ணுக்கு அது தெரியும்.

இனி குளிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 10 டிகிரிக்கும் கீழே போகும். வயதான உடம்புக்குக் குளிர் தெரியவே கொஞ்ச நேரம் ஆகும். சில பெரியவர்களுக்கு நடுக்கமே வராது. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. வயிற்றைத் தொட்டால் ஜில்லென்று இருப்பது, பேச்சு குழறுவது, தூங்கித் தூங்கி விழுவது எல்லாம் அதற்கான அறிகுறிகள். கை கால் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கனமான ஒரு கம்பளியைவிட மெல்லிய மூன்று துணிகள் நல்லது. தலைக்குக் குல்லாவும் காலுக்கு சாக்ஸும் போடுங்கள். வழுக்குகிற தரையில் வெறும் சாக்ஸோடு மட்டும் நடக்கவிடாதீர்கள்.

கரிச்சட்டியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நெருப்பு வைத்த கரிச்சட்டியைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அறைக்குச் சூடு வேண்டுமானால் படுப்பதற்கு முன் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கம்பளிக்குள் வையுங்கள். அவர் படுத்ததும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் பல நேரம் சூடு உறைக்காது. காலில் கொப்புளம் வந்தபிறகுதான் நமக்கே தெரியும். அம்மா அந்தப் பையைக் கட்டிப்பிடித்துத் தூங்க ஆசைப்படுவார். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தினமும் தலைக்குக் குளிக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு முறை போதும். மற்ற நாளில் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் மட்டும் வெந்நீரில் துடைத்தால் சரி. நேரம் முற்பகல் பதினொன்று, வெயில் வீட்டுக்குள் விழும்போது. ஜன்னலைச் சாத்தி, துண்டு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் நீங்கள் ஓடினால் அவர் நனைந்தபடி நடுங்குவார். தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து, மற்ற இடத்தை மூடியே வையுங்கள். அது குளிருக்கு மட்டும் இல்லை, மானத்துக்கும்தான். பெற்ற மகளின் முன்னால்கூட அம்மாவுக்குக் கூச்சம் உண்டு. அதனால் தொடையிடுக்கைத் துடைக்கும் துணியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நான் திரும்பிக்கொள்கிறேன். குளித்த ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், குளிரில் தோல் வெடிக்காது. எண்ணெய் இங்கே உறைந்துதான் கிடக்கும். பாட்டிலைக் காலையிலேயே வெயிலில் வைத்துவிடுங்கள். கால் விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரமில்லாமல் துடைத்துவிட்டால் போதும்.

மலைவீடுகளில் நான் அதிகம் பார்த்த சிக்கல் தண்ணீரில் தொடங்குகிறது. தோட்டத் தொழிலாளர்களின் பல லைன் வீடுகளில் கழிப்பறை வெளியே இருக்கும். ராத்திரிக் குளிரில் எழுந்து போகப் பயந்து பெரியவர்கள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வயதானால் தாகமும் குறையும். அதனால் மலம் இறுகும், சிறுநீர்த் தொற்று வரும், தலைசுற்றி விழுவார்கள். இதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை, ஏற்பாடு செய்யுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கம்மோடு நாற்காலி ஒன்று, அணையாத சின்ன பல்பு ஒன்று. பெரும்பாலான தண்ணீரை மாலை நான்கு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான வெந்நீர், சீரகத் தண்ணீர், ராகிக் கஞ்சி, ரசம் எல்லாமே கணக்கில் சேரும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எழும்போது உடனே நிற்கவிடாதீர்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் உட்காரட்டும், அப்புறம் நிற்கட்டும். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் பிரஷரின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். குளிர்காலத்தில் பிரஷர் ஏறவும் செய்யும். ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, சிறுநீர் கழித்தபிறகு, பக்கவாதம் பாதிக்காத கையில் பாருங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கிறவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் இவற்றைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது. நம் நிறத்தில் சிவப்பு பல நேரம் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் வழி. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். காற்றடைத்த வளையமும் வேண்டாம். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள்.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரட்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டாம். பக்கவாதம் வந்தவர் வாயில் அந்தப் பக்கக் கன்னத்தில் சோறு தங்கும், விரலால் பார்த்து எடுங்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் மேல்வீட்டுத் தாத்தா ஒரு சாயங்காலம், இறந்துபோன அண்ணன் வாசலில் நிற்பதாகச் சொல்லிக் கதவைத் திறக்கப் போனார். காய்ச்சல் இல்லை. மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் போனது. நுரையீரலில் சளி கட்டியிருந்தது. சிகிச்சைக்கு அப்புறம் பழையபடி பேசினார். மறதிநோய் மெல்ல வரும். ஒரு நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் தொற்றோ, நீரிழப்போ, புது மாத்திரையோ இருக்கும்.

பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு விஷயம். முதியவர்கள் கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான ஒரு மனவேலை என்று ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல் எழுதினார். அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்தவர். இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1974-ல் எங்களைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு (பின்னால் டேன்டீ ஆனது) வந்தார். அங்கே லயத்தில், அதாவது லைன் வீட்டில், விட்டுவந்த ஆட்டுக்குட்டியைப் பற்றி நூறு முறை சொல்லியிருப்பார். முன்பெல்லாம் "சொல்லிட்டீங்கம்மா" என்பேன். இப்போது, "அதுக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க?" என்று கேட்கிறேன். ஒரு கேள்வி கேட்டால் கதை வேறு திசையில் போகும். சென்ற மாதம்தான், அந்தக் குட்டியை யாரிடம் கொடுத்தார் என்று முதல் முறையாகச் சொன்னார், அழுதார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். என் பேத்திக்கு இரண்டு விரலால் கொழுந்து கிள்ளுவது எப்படி என்று ஒரு செடியை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுக்கும் வாய்ப்பை உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் உண்டாக்குங்கள்.

பார்த்துக்கொள்ளும் நமக்கும் வயது நாற்பது, ஐம்பது, அறுபது. பெரும்பாலும் பெண்கள். மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கமின்மையோடு ராத்திரி மூன்று முறை எழுகிறோம். உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் வருடம் ஒரு முறை பாருங்கள், மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை உண்டு. முட்டிவலிக்கு மெடிக்கல் கடையில் நீங்களாக வாங்கும் மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்குங்கள். வாரத்தில் அரை நாளாவது வேறு ஒருவர் பார்க்கட்டும். என் தம்பி ஞாயிறு மதியம் வந்து உட்காருகிறான். முதல் வருடம் நான் அவனைக் கேட்கவே இல்லை. கேட்டவுடன் வந்தான். முதியவர்களுக்கான உதவி எண் 14567, அதையும் குறித்து வையுங்கள்.

கடைசியாக, கதவுக்குப் பின்னால் ஒட்ட ஒரு தாள். அதில் மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, 108, ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வழி. படியில் இறக்கி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், அவர்கள் எண்ணையும் எழுதுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ அரை மணிகூடக் காத்திருக்க வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலைப்பாதையிலேயே அதில் ஒரு பங்கு கரைந்துவிடும். மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என்பது. அம்மாவை நான் காலை ஆறு மணிக்குத்தான் பார்த்தேன். ராத்திரி எந்த நேரத்தில் வந்தது என்று சொல்ல முடியவில்லை, அந்த ஊசியைப் போடவும் முடியவில்லை. இப்போது அம்மாவின் கட்டிலுக்கு எதிரே பெரிய எண்களோடு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. ராத்திரி எழும்போதெல்லாம் அதைப் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் எனக்குக் கேட்கும்படி மணியைச் சொல்லிவிட்டுத்தான் அம்மா திரும்பப் படுக்கிறார்.