புகாரை எங்கே அனுப்புவது?

எங்கள் சிறிய ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) திட்டத்துக்கு நடத்தை விதிகள் தயாரிக்க எனக்கு ஒரு மாலைதான் ஆனது. காரணம், நான் எதுவும் எழுதவில்லை. காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற ஆயத்த நடத்தை விதி மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டேன். 2018-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் திட்டமே அதை ஏற்றுக்கொண்டது, நமக்கென்ன தனிச் சட்டம் என்ற நினைப்பு.

ஆறு மாதம் கழித்துப் புதிய பங்களிப்பாளர் ஒருவர் கேட்டார்: "புகாரை எங்கே அனுப்புவது?" திறந்து பார்த்தேன். தொடர்பு முகவரிக்கான சதுர அடைப்பு நிரப்பப்படாமல் அப்படியே கிடந்தது. வெட்கமாகிவிட்டது. அதைவிடச் சங்கடம், புகாரே இன்னொருவரின் நிரலைச் சரிபார்த்து நான் எழுதிய கோட் ரிவ்யூ கமெண்ட் பற்றியது.

அங்கே என் மின்னஞ்சலைப் போட்டால் திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். அதனால் வேறு இருவர் மட்டும் பார்க்கும் தனி முகவரி திறந்தோம். அவர்களில் ஒருவருக்கு கமிட் உரிமைகூட (திட்டத்தின் நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை) கிடையாது. புகாரில் பெயர் வருகிறவர் விசாரணையில் இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தோம். விதியை மீறினால் எடுக்கும் நடவடிக்கைக்கு, அந்த மாதிரியின் 2.0 பதிப்பிலுள்ள நான்கு படிகளை அப்படியே வைத்துக்கொண்டோம்: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. மூன்று நாளுக்குள் பதில் என்று எழுதத்தான் ஏகப்பட்ட வாக்குவாதம்.

அப்புறம் அந்த முதல் புகாரில் எனக்கு முதல் படி கிடைத்தது. மன்னிப்புக் கேட்டு, கமெண்டைத் திருத்தினேன்.