ஏசி அறையில் ஆர்க்கிட் பூக்க வைப்பது எப்படி

ஏசி ஓடும் வீட்டில் ஆர்க்கிட் தங்காது என்று பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் கடைகளில் அதிகம் கிடைக்கும் பெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை பூக்க வேண்டுமென்றால் அதற்குக் குளிர்ச்சி தேவை. பகல் வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் அது இலை மேல் இலையாக விட்டுக்கொண்டிருக்கும், பூந்தண்டு மட்டும் வராது. வெப்பமான ஊரில் அந்தக் குளிர்ச்சியை ஏசிதான் தர முடியும். செடியைக் கெடுப்பவை ஏசியின் வறண்ட காற்றும், நேரே வந்து மோதும் வீச்சும்தான். இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எந்தச் செடி என்று பார்க்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு பெலனாப்சிஸே போதும். குறைந்த வெளிச்சத்தில் வளரும், ஒருமுறை பூத்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். பாபியோபெடிலமும் ஏசி அறைக்கு ஒத்துப்போகும். டென்ட்ரோபியம், கேட்லியா இரண்டும் இதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் கேட்கும். வேர் தொங்க வளரும் வாண்டாவை ஏசி அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அந்த வறட்சியில் வேர்கள் சில வாரங்களிலேயே சுருங்கிவிடும்.

எந்த அறை, எந்த மூலை

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையில் செடியை வைத்துவிட்டு, குளிர்ச்சி கிடைத்தும் ஏன் பூக்கவில்லை என்று கேட்கிறார்கள். பெலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதைத் தீர்மானிப்பது பகல் வெப்பம். பகலில் 30 டிகிரி இருந்தால் இரவில் 20-க்கு இறங்கினாலும் பயன் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பெலனாப்சிஸ் கள்ளிச்செடியைப் போல இலைத்துளைகளை இரவில்தான் திறக்கும். துளை திறந்திருக்கும் நேரத்தில் ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் இலை தளர்ந்துபோகும். ஆகவே பகலில் ஏசி ஓடும் அறையே நல்லது. வேலை செய்யும் அறையோ கூடமோ, எதுவானாலும் சரி.

அங்கே ஏசியை 24 அல்லது 25 டிகிரியில் வையுங்கள். ஐந்தாறு வாரம் பகல் முழுக்க அப்படி இருந்தால் வளர்ந்த செடி தண்டு விடத் தொடங்கும். இரவில் 18-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசியிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, காற்று நேராக வராத பக்கத்தில் செடியை வைக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால், ஒரு டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து இலை உயரத்தில் தொங்கவிட்டு, ஏசி ஓடும்போது ஐந்து நிமிடம் கவனியுங்கள். எப்போதாவது லேசாக அசைந்தால் சரி, அந்தக் காற்றோட்டம் செடிக்கு வேண்டியதுதான். தாள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்தால் இடத்தை மாற்றுங்கள்.

ஈரப்பதம்

ஆர்க்கிட்டுக்கு 50 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். ஏசி அறையில் அது 40-க்கு இறங்குவது சாதாரணம். சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், ஊகத்தில் போக வேண்டாம். ஸ்பிரே அடிப்பதில் பலன் மிகக் குறைவு. பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், குருத்துக்குள் தேங்கினால் அழுகலும் வரும். கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு கொஞ்சம் உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நான்கைந்து செடிகளை நெருக்கி வைப்பது அதைவிட மேல். 45-க்குக் கீழேயே நின்றால் ஈரப்பதமூட்டி கருவிதான் வழி. அதிலிருந்து வரும் நீர்ப்புகை இலையில் நேரே படாமல் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

வெளிச்சத்துக்கு, சன்னலிலிருந்து அரை மீட்டருக்குள், மெல்லிய திரைக்குப் பின்னால் வைத்தால் போதும். பெலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் தேவை. இலைக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள்: விளிம்பு மங்கலான நிழல் விழுந்தால் வெளிச்சம் அளவானது, கூர்மையாக விழுந்தால் அதிகம், நிழலே இல்லையென்றால் போதாது. இலை கரும்பச்சையாக நீண்டு தொங்குவதும் வெளிச்சக் குறைவின் அடையாளம். அப்போது வெள்ளை எல்இடி விளக்கை 30 செ.மீ. உயரத்தில் தினம் 12 மணி நேரம் எரியவிடுங்கள்.

தொட்டியும் தண்ணீரும்

தோட்ட மண்ணில் நடவே நடாதீர்கள். இது மரக்கிளையில் ஒட்டி வளரும் செடி, வேருக்குக் காற்று வேண்டும். 1 முதல் 2 செ.மீ. அளவுள்ள மரப்பட்டைத் துண்டு 5 பங்கு, கரித்துண்டு 1 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) 1 பங்கு, ஈரம் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசி 1 பங்கு என்று கலக்கலாம். ஏசி அறை சீக்கிரம் உலர்த்துவதால்தான் பாசி சேர்க்கிறோம், அதற்காக அள்ளிப் போட வேண்டாம். பட்டையை முந்தின இரவே ஊறவைத்துவிடுங்கள், காய்ந்த பட்டை தண்ணீர் பிடிக்காது. தொட்டி நிறமற்ற பிளாஸ்டிக்காக, அடியிலும் பக்கத்திலும் துளைகளோடு இருக்கட்டும்.

நிறமற்ற தொட்டியைச் சொல்வதற்குக் காரணம், தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதை வேரே காட்டிவிடும். வேரைச் சுற்றி பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும். ஈரமாக இருக்கும்போது அது பச்சையாகத் தெரியும், காய்ந்தால் வெள்ளி பூசினாற்போல வெளுத்துவிடும். தொட்டியின் நடுப்பகுதி வேர்களும் வெளுத்து, தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும்போது ஊற்றுங்கள். மேலே காய்ந்திருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள், ஏசி காற்று மேல்பகுதியை இரண்டு நாளில் காயவைத்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை வரும். காலையில், அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் தொட்டியைப் பதினைந்து நிமிடம் நிறுத்தி, பிறகு முழுவதும் வடியவிடுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ முனையால் ஒற்றி எடுங்கள். குளிர்ந்த அறையில் அந்த ஒரு சொட்டு ஓர் இரவு நின்றாலே குருத்தழுகல் தொடங்கலாம்.

இலை சுருங்கினால் உடனே தண்ணீரை அதிகமாக்காதீர்கள். வேர் அழுகிய செடியும் தண்ணீர் இல்லாத செடியும் மேலே பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். வேரை அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் தாகம், உறை கழன்று நார் மட்டும் கையில் வந்தால் அழுகல். அழுகிய வேர்களை நெருப்பில் காட்டிய கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, புதுக் கலவையில் மாற்றி நடுங்கள்.

உப்புத் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கிவிடும். மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் நல்லது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பு இல்லை என்றாலும், ஏசிக்குள் இருக்கும் குளிர்சுருளின் உலோகத் துகளும் பூஞ்சையும் சேர்ந்து வரலாம், சர்வீஸ் செய்த பிறகு துப்புரவு ரசாயனமும் இருக்கும். தவிர்ப்பதே நல்லது. உரத்துக்கு 20-20-20 தூள் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு அரை கிராம். மூன்று வாரம் உரம், நான்காம் வாரம் வெறும் தண்ணீர்.

தண்டு, மொட்டு, பூ

இலையடியில் புதிதாக ஒன்று முளைத்தால் அது வேரா தண்டா என்று குழப்பம் வரும். வேர் நுனி உருண்டு பளபளக்கும். தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, கைவிரல்களை மூடிக்கொண்டதுபோல் இருக்கும். தண்டு தெரிந்ததிலிருந்து பூ விரிய மூன்று மாதம் பிடிக்கலாம். அதுவரை தொட்டியைத் திருப்பாதீர்கள், தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளைந்து கோணலாகும்.

மொட்டுகள் மஞ்சளித்து உதிர்ந்தால் முதலில் ஏசி காற்றின் திசையைப் பாருங்கள். இரவில் 22, ஏசி நிறுத்திய பகலில் 33 என்று அறை மாறி மாறிப் போனாலும் உதிரும். பழக்கூடை பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவும் மொட்டை உதிர்த்துவிடும்.

வறண்ட அறையில் வரும் முக்கியப் பூச்சி சிவப்புச் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்புக் கறை ஒட்டினால் அதுதான். இலையைக் கழுவித் துடைத்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு திரவ சோப்பு கலந்து வாரம் ஒருமுறை மூன்று வாரம் மாலையில் தடவுங்கள். மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

பூ உதிர்ந்ததும் நான்கைந்து கெட்டியான இலைகள் இருக்கும் செடியில், அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்கு ஒரு விரல் மேலே தண்டை வெட்டினால் கிளைத் தண்டு வர வாய்ப்பு உண்டு. இலை தளர்ந்திருந்தால் அடியோடு வெட்டி ஓய்வு கொடுங்கள். கலவையை மாற்றவும் இதுதான் நேரம். பட்டையை விரலால் நசுக்கிப் பாருங்கள், பொடியானால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.