மாடியில் யூபோர்பியா: குச்சி நட்டுப் பூ எடுக்கும் முறை

சித்திரை வெயிலில் மாடித் தோட்டமே கருகுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்லும் செடி யூபோர்பியாதான். கிறிஸ்து முள் என்று கேட்டாலும் நர்சரியில் எடுத்துத் தருவார்கள். பிறந்த இடம் மடகாஸ்கர். நம் ஊர்த் திருகுகள்ளி, சதுரக்கள்ளியின் இனம்தான். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பல வருடம் இருக்கும், வெயில் இருக்கும்வரை பூத்துக்கொண்டே இருக்கும்.

பெரிய பெரிய பூவோடு தாய்லாந்துக் கலப்பு ரகங்கள் கண்ணை இழுக்கும். இருந்தாலும் முதல் செடியாகச் சின்னப் பூ உள்ள பழைய சிவப்பு ரகத்தையே வாங்குங்கள். தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இரண்டு குச்சி கேட்டாலே போதும்.

வெட்டுவது: பூச்செடிக் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, நுனியிலிருந்து நான்கு அங்குலம் வெட்டுங்கள். வெட்டியதும் வெள்ளைப் பால் சொட்டும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை கட்டாயம், குழந்தைகளையும் நாய், பூனையையும் தள்ளி வையுங்கள். தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வெட்டிய முனையைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் பால் நின்றுவிடும்.

காய விடுவது: செடி பிழைப்பதும் அழுகுவதும் இங்கேதான் முடிவாகிறது. ரோஜா, செம்பருத்திக் குச்சியை வெட்டிய கையோடு நடுவதுபோல இதை நடக்கூடாது. ஈரக் காயத்தோடு மண்ணுக்குள் போனால் பூஞ்சை ஏறிவிடும். மேலே இலை பச்சையாகவே இருக்கும், அடியில் தண்டு கொழகொழவென்று ஆகியிருக்கும். அதனால் நிழலில், காற்றோட்டமான இடத்தில், செய்தித்தாள் மேல் கிடத்திவிடுங்கள். நான்கு நாள் முதல் ஒரு வாரம் ஆகும். வெட்டுவாய் சுருங்கி, வெளிறி, விரலால் தொட்டால் தோல்போலக் கெட்டியாக இருக்க வேண்டும். பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். குச்சி லேசாக வாடினால் கவலை வேண்டாம். அதற்குள் நீர் இருக்கிறது.

மண்: செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் போட்டால் சலித்து, தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள்; அந்தத் தூசி மண்ணை இறுக்கிவிடும். தென்னை நார்க்கழிவு இதற்கு வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். தொட்டி என்றால் என் ஓட்டு மண் தொட்டிக்குத்தான். பிளாஸ்டிக்கை விட மளமளவென்று காயும்.

ஒன்றரை அங்குல ஆழத்தில் குச்சியை நட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். அதன்பிறகு மேல்மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும். வேர் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இழுத்துப் பார்க்காதீர்கள், புதுத் துளிரே சொல்லிவிடும். துளிர் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக முழு வெயிலுக்கு நகர்த்துங்கள். தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் இல்லையென்றால் இலை மட்டும்தான் மிஞ்சும்.

பின்சேர்க்கை: அடித்தண்டு மொட்டையாகிவிட்டது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உதிர்ந்த இடத்தில் இலை திரும்ப வராது. இலையும் பூவும் புதுத் துளிரில்தான். மழைக்காலம் முடிந்ததும் நுனியைக் கிள்ளாமல் தண்டை நன்றாகவே குறைத்து வெட்டுங்கள், பக்கக் கிளை வரும். வெட்டியதை அப்படியே புதுக் குச்சிகளாகக் காய வைக்கலாம்.

இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடி போய்விட்டது என்று எழுதியவர்கள், தொட்டியின் அடித்தட்டை முதலில் எடுத்துவிடுங்கள். கூரை ஓரமாக நகர்த்தி, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழை விட்டு மண் காயும்வரை தண்ணீர், உரம் எதுவும் வேண்டாம்.