ரிட்டர்ன் கோட் 8: என் அனுபவம்

எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் விற்பனை ஆர்டர் டேபிளுக்கு ஒரு புது ஃபீல்டு சேர்த்தேன். டெவலப்மெண்ட் சர்வரில் நன்றாகவே ஓடியது. மாற்றங்களை அடுத்த சர்வருக்கு எடுத்துச் செல்லும் டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்டை ரிலீஸ் செய்து, சோதனைக்கான குவாலிட்டி சர்வரில் இம்போர்ட் போட்டால், முடிவைச் சொல்லும் ரிட்டர்ன் கோட் 8. நாலு என்றால் எச்சரிக்கை, பலர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். எட்டு என்றால் பிழை, அப்படி விட முடியாது.

இம்போர்ட் லாக்கில் ஆக்டிவேஷன் (ஆப்ஜெக்டுகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது) பகுதியைத் திறந்தேன். புது ஃபீல்டை டேபிளோடு இணைக்கும் அப்பெண்ட் ஸ்ட்ரக்சர் கேட்கும் டேட்டா எலிமெண்ட் (ஃபீல்டின் வகையும் பொருளும் சொல்லும் வரையறை) குவாலிட்டி சர்வரில் இல்லவே இல்லை. சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று முதல் நாள் அதை லோக்கல் ஆப்ஜெக்டாக, டாலர் டிஎம்பி ($TMP) பேக்கேஜில் சேமித்திருந்தேன். அந்த பேக்கேஜில் கிடப்பது டிரான்ஸ்போர்ட்டில் போகாது. அப்புறம் மறந்தே போனேன்.

டேபிள், டேட்டா எலிமெண்ட் போன்றவற்றை உருவாக்கும் எஸ்இ11 (SE11) திரையில் அதன் ஆப்ஜெக்ட் டைரக்டரி என்ட்ரிக்குப் போய், டிரான்ஸ்போர்ட்டில் போகக்கூடிய எங்கள் இசட் பேக்கேஜுக்கு மாற்றினேன். உடனே ரிக்வெஸ்ட் எண் கேட்டது. பழையது ரிலீஸ் ஆகிவிட்டதே, புதிதாக ஒன்று போட்டேன். பார்த்தால் அந்த டேட்டா எலிமெண்ட் சார்ந்திருக்கும் டொமைனும் (டேட்டா வகை, நீளம் சொல்வது) லோக்கலில்தான்! அதையும் சேர்த்தேன். முதலில் ரிக்வெஸ்டுக்குள் இருக்கும் டாஸ்க், பிறகு ரிக்வெஸ்ட் என்று ரிலீஸ் செய்து, இம்போர்ட் செய்யும் எஸ்டிஎம்எஸ் (STMS) திரையில் புதியதை ஏற்றிவிட்டு, பழையதை மறுபடி இம்போர்ட் செய்தேன். ரிட்டர்ன் கோட் 0.

புரொடக்‌ஷன் சர்வருக்கான இம்போர்ட் வரிசையில் பழையதுதான் முன்னால் நின்றது. அதைத் தனியாக முதலில் ஏற்றினால் அதே பிழை வரும். சரி என்று இரண்டையும் ஒரே இம்போர்ட்டில் ஏற்றினோம். அப்போது டிக்‌ஷனரி ஆக்டிவேஷன் மொத்தமாக நடக்கும்.