ஊமையாகிப் போன ஸ்பீக்கர்

ஹட்டனில் விடாமல் மழை பெய்த ஒரு சனிக்கிழமை. மகளின் ஒன்லைன் வகுப்பு தொடங்கிவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்ட லெப்டொப்பில் சத்தமே இல்லை. ஹெட்போன் மாட்டினால் தெளிவாகக் கேட்டது. அப்படியென்றால் சவுண்ட் கார்டும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் சரி, ஸ்பீக்கருக்குப் போகும் வழியில்தான் அடைப்பு. இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், ஒலி அளவுகளைச் சரிசெய்யும் அல்சாமிக்சரை (alsamixer) திறந்தேன். மாஸ்டர் என்ற ஒரே பட்டைதான் தெரிந்தது; அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தெரிவு செய்த பிறகே ஸ்பீக்கர் பட்டை வந்தது. அதன் அடியில் 'எம்எம்', அதாவது மியூட். எம் விசையைத் தட்டியதும் '00' ஆனது. மேல் அம்புக்குறியால் அளவையும் ஏற்றினேன்.

அப்போதும் சத்தம் வரவில்லை. வலப்பக்கம் நகர்ந்து பார்த்தால் ஆட்டோ-மியூட் மோட் இயங்கிக்கொண்டிருந்தது. ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரை நிறுத்தும் ஏற்பாடு அது. கழற்றிய பிறகும் ஹெட்போன் இருப்பதாகவே லெப்டொப் நினைத்திருக்கிறது. அந்த மோடை அணைத்தேன், டீச்சரின் குரல் வந்தது. மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் 'சூடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்' (sudo alsactl store) கட்டளையால் அமைப்பைச் சேமித்தேன். இப்போது ஹெட்போன் மாட்டினாலும் ஸ்பீக்கர் பேசும். அதை மட்டும் கையால் குறைத்துக்கொள்கிறோம்.